இன்றைய சதித்திட்டம்

முதலாம் எலிசபெத் மகாராணி இறந்து முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு வருடங்களுக்குப் பிறகு, வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவருடைய காலம் மறுபடி தொடங்கியது. தொடக்கியவர் திரு. கனகசபாபதி. அரச திணைக்களம் ஒன்றில் உதவிப் பணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மகனைப் பார்க்க லண்டனுக்குப் போனவர், அங்கே அந்தக் காலத்து நாடகக் கொட்டகை ஒன்றைப் புதிதாகக் கட்டியிருப்பதைக் கண்டார். வரிசை நீளமாக இருந்ததால் உள்ளே போகவில்லை. வெளியே நின்று முக்கால் மணித்தியாலம் பார்த்தாராம். அது போதும் என்று திரும்பி வந்தார்.

சங்கத்தின் பெயர் கொழும்பு எலிசபெத் காலத் தமிழ் அரங்கு. யாப்பில் இரண்டு விதிகள்தான் முக்கியம். முதலாவது: அக்காலத்தில் எப்படியோ அப்படியே. இரண்டாவது: அக்காலத்தில் எப்படி என்று சந்தேகம் வந்தால் தலைவரைக் கேட்க வேண்டும்.

அக்காலத்துக் கொட்டகைகளுக்கு நடுவில் கூரை இல்லை. ஆகவே வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தின் கூரைத் தகரங்களை முதல் வேலையாகக் கழற்றினார்கள். அக்காலத்தில் பகல் வெளிச்சத்தில்தான் ஆடினார்கள். ஆகவே நாடகம் பிற்பகல் இரண்டு மணிக்கு. உத்தியோகம் பார்க்கும் நடிகர்கள் இரண்டு மணிக்கு எப்படி வருவது என்று ஒருவர் கேட்டார். எலிசபெத் காலத்து நடிகர்கள் அப்படிக் கேட்டதாகப் பதிவு இல்லை என்று தலைவர் பதில் சொன்னார்.

அக்காலத்தில் தினமும் வேறு நாடகம். திங்கள் போட்டதைச் செவ்வாய் போடக் கூடாது. ஆகவே ஒத்திகைக்கு நேரம் இல்லை. ஒத்திகை இல்லாததும் வழக்கத்துக்குள் அடக்கம். அங்கிகள் நான்கு; அரசர்கள் பதினொருவர். திங்கட்கிழமை செத்த அரசன் ஒருமுறை புதன்கிழமை நாடகத்துக்குள் தவறி நுழைந்து, அங்கு நின்ற வணிகனிடம் தன் மகளைப் பற்றி விசாரித்தான். வணிகன் மரியாதையாகப் பதில் சொல்லி அனுப்பிவைத்தான். பார்த்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

பார்த்தவர்கள் பெரும்பாலும் லொட்ஜ்களில் இருந்த வடக்குச் சனம். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனின் தொலைபேசிக்காகக் காத்திருந்தவர்கள். பிற்பகல்களில் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மழை வந்தால் நின்று நனைந்தார்கள். அதுவும் வழக்கம் என்று அவர்களுக்கு விளக்கப்பட்டிருந்தது.

நாடகம் தொடங்குமுன் மூன்று முறை எக்காளம் ஊத வேண்டும். முதல் நாள் மூன்றாவது ஊதலுக்கு, ரயில் பாதைக் காவலரணிலிருந்து சிப்பாய்கள் இருவர் ஓடி வந்தார்கள். அதிலிருந்து எக்காளம் வாயால் அறிவிக்கப்பட்டது. ஒருவர் மேடைக்கு வந்து "எக்காளம் ஒன்று, எக்காளம் இரண்டு, எக்காளம் மூன்று" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கொடி இன்னொரு பிரச்சினை. நாடகம் உண்டு என்று காட்டக் கொடி ஏற்ற வேண்டும். துன்பியலுக்குக் கறுப்பு, இன்பியலுக்கு வெள்ளை என்று தலைவர் எங்கோ வாசித்திருந்தார். கறுப்பு ஏறிய அன்று, எதை எதிர்க்கிறீர்கள் என்று கேட்டுப் பொலிஸ் வந்தது. வெள்ளை ஏறிய அன்று, ஒழுங்கைச் சனம் சாவீடு என்று நினைத்து வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி, கதிரை இல்லாததால் நின்றபடி, ஒரு நகைச்சுவை நாடகத்தை இரண்டு மணித்தியாலம் துக்கத்தோடு பார்த்தார்கள். போகும்போது தலைவரின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். இனி எல்லா நாடகத்துக்கும் வெள்ளையே என்று செயற்குழு தீர்மானித்தது.

இவ்வளவும் என் மனைவி டோரின் வந்து சொன்னவை. அவள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கொன்வென்ற் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தாள். நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளாக்கர். அவளுக்கு நடிக்க ஆசை; அதற்காகவே அரங்கில் சேர்ந்தாள். அக்காலத்தில் பெண்கள் மேடை ஏறவில்லை. பெண் வேடங்களைப் பையன்கள் போட்டார்கள். சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பையன்களை அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. ஆகவே துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த ஹெக்டர், நாற்பத்தொரு வயது, எல்லா இளவரசிகளையும் ஏற்றார். மீசையை மட்டும் எடுக்க மறுத்துவிட்டார். எடுத்தால் அடையாள அட்டைப் படத்தோடு முகம் ஒத்துவராது என்றார். செயற்குழு அதை ஏற்றுக்கொண்டது.

டோரின் இன்னொன்றும் சொன்னாள். அக்காலத்தில் மேடைக்குப் பின்னால் ஒரு பலகை தொங்குமாம். அன்றைய நாடகத்தில் யார், எத்தனையாவது காட்சியில், என்ன பொருளோடு உள்ளே போவது என்று அதில் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் பிளொட். அந்தச் சொல்லைக் கொழும்பில் உரத்துச் சொல்ல முடியாது. அந்தப் பெயரில் ஓர் ஆயுத இயக்கம் இருந்தது. வீண் சந்தேகத்தைத் தவிர்க்க, தலைவர் அகராதியைப் பார்த்து அதைத் தமிழாக்கினார். பலகையின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதினார்: இன்றைய சதித்திட்டம்.

நிரல் என்று போடலாமே என்று டோரின் கேட்டிருக்கிறாள். தலைவர் அகராதியை அவள் முன் விரித்தாராம்.

"பிள்ளை, இதில முதல் கிடக்கிற சொல் எது? முதலாவதை விட்டிட்டு ஏழாவதுக்கு ஏன் போவான்?"

அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நடிக்க முடியாததால் நாடகம் எழுதினாள். எங்கள் வீடு நாலாம் மாடி. பல்கனி மேசையில் ஒரு சீஆர் கொப்பியை வைத்து எழுதுவாள். நான் பல்கனிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கடலைப் பார்ப்பேன். உப்புக் காற்று பிரிஜ்ஜைத் தின்கிறது என்று அவள் ஏசுவாள். ஏசிவிட்டுத் தேநீர் தருவாள். தரும்போது ஒரு வசனம் உண்டு: "சீனி போட்டாச்சு. கலக்கிக் குடிங்க." நாலு வருடத்தில் ஒருநாளும் அவள் எனக்குத் தேநீரைக் கலக்கித் தந்ததில்லை.

கொப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

"மேடையில பாருங்க. இப்ப சொன்னா ருசி போயிரும்."

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் கொப்பியை அரங்கில் கொடுத்தாள். அடுத்த கிழமை காய்ச்சல். எட்டு நாள். ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். லொட்ஜில் இருந்த இரண்டு பேர் நாடகம் என்று நினைத்து மேலே வந்தார்கள். மெழுகுதிரியையும் பெட்டியையும் கண்ட பிறகும் திரும்பிப் போகவில்லை. சவக்காலைக்கு வந்து கடைசிவரை நின்றார்கள். அரங்கிலிருந்து ஒரு மலர்வளையமும் ஒரு கடிதமும் வந்தன. கடிதத்தில், காலஞ்சென்றவரின் நாடகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றும், மேற்படி மறைவு அரங்கின் உரிமையைப் பாதிக்காது என்றும் இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு கொப்பியைக் கேட்டுப் போனேன். பிரதிகள் எல்லாம் ஏட்டுக் காப்பாளரின் ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. ஏட்டுக் காப்பாளர் மெற்றில்டா அன்ரி. கொட்டாஞ்சேனையில் இருந்தார். டோரினுடைய ஞானத்தாய். அவர் அழுதார். என் தலையைத் தடவினார். பெட்டியைத் திறக்கவில்லை. அக்காலத்தில் நாடகம் எழுதியவருக்குச் சொந்தமில்லை, குழுவுக்குத்தான் சொந்தம் என்றார். அச்சிடக் கூடாது, வெளியாருக்குக் காட்டக் கூடாது. காட்டினால் அடுத்த கொட்டகைக்காரன் திருடிவிடுவான்.

"அன்ரி, கொழும்பில அடுத்த கொட்டகை எங்க இருக்குது?"

"அதுதான் மகன். இல்லாத கள்ளன எப்பிடிப் புடிக்கிற? நாமதான் கவனமா இருக்கணும்."

தலைவரிடம் போனேன். அக்காலத்தில் ஒவ்வொரு நாடகத்தையும் அரண்மனை அதிகாரி ஒருவர் வாசித்து, ஆபத்தான சொற்களை வெட்டிக் கையெழுத்து வைத்த பிறகே மேடை ஏற்றலாம். அந்தப் பதவியையும் தலைவரே வைத்திருந்தார். டோரினின் நாடகத்தில் விடுதலை என்று வந்த இடமெல்லாம் லீவு என்று திருத்தியிருப்பதாகச் சொன்னார். அப்படியானால் முழுவதையும் வாசித்திருப்பீர்கள், கதை என்ன, முடிவு என்ன என்று கேட்டேன்.

"தம்பி, நான் வெட்டுறதுக்கெண்டு வாசிச்சனான். விளங்கிறதுக்கெண்டு வாசிக்கேல்லை."

நாடகத்தை அறிய ஒரே வழி நடிப்பதுதான் என்று தலைவர் சொன்னார். சேர்ந்தேன். அரங்கில் இரண்டு வகை நடிகர்கள். ஒரு வகை பங்காளிகள். அவர்கள் பிரபுவின் ஆட்கள். அக்காலத்தில் பிரபு ஒருவரின் ஆட்களாகப் பதியாத நடிகர்களை நாடோடிகள் என்று பிடித்துக் கட்டி அடித்தார்கள். எங்கள் பிரபு காலி வீதியில் நகைக்கடை முதலாளி. கடை முத்திரை குத்திய ஒரு அட்டையைப் பங்காளிகளுக்குக் கொடுத்திருந்தார். மற்ற வகை கூலியாட்கள். அட்டை கிடையாது. நான் கூலியாள்.

அக்காலத்தில் நடிகருக்கு முழுப் பிரதி தருவதில்லை. அவரவர் பேசும் வசனம் மட்டும், ஒரு நீளக் கடதாசியில். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு கோடும், மற்றவர் பேசி முடிக்கும் கடைசி இரண்டு சொற்களும். அந்த இரண்டு சொல் காதில் விழுந்ததும் நாம் பேச வேண்டும். அந்தச் சொற்களைச் சொல்வது யார் என்று இருக்காது. கடதாசியைச் சுருட்டி இரண்டு ஈர்க்கில் வைத்துக் கட்டித் தருவார்கள். ஒருவர் சுருளை மற்றவர் பார்க்கக் கூடாது. எனக்கு மூன்றாம் காவலன் வேடம். என் சுருள் மெற்றில்டா அன்ரியின் கையெழுத்தில் இப்படி இருந்தது:

———— வந்துவிட்டாரா?
இன்னும் இல்லை. வெளிச்சம் அணையட்டும்.
———— எத்தனை பேர்?
நான் எண்ணவில்லை.
———— லீவு கிடைக்குமா?
அது மேலிடத்தைப் பொறுத்தது.
———— கடல் வழியாக.
அப்படியானால் கதவைத் திறந்து வைக்கிறேன்.

இன்னும் ஏழு வரிகள். கதவைப் பற்றிய வரியை நான் பலமுறை வாசித்தேன்.

ஒருநாள் உடை மாற்றும் அறையில் ஹெக்டர் தன் சுருளை மனப்பாடம் செய்துகொண்டு நடந்தார். பாவாடைக்குள் காற்சட்டை. "இந்த இளவரசிக்கு என்ன மச்சான் பைத்தியமா, காவல்காரனுக்குப் போயி டீ ஊத்திக் குடுக்கிறா" என்று சொல்லிவிட்டு, குரலை மெல்லிசாக்கி ஒரு வரியைப் பேசினார்.

"சீனி போட்டாச்சு. கலக்கிக் குடிங்க."

நான் என் சுருளை எடுத்து மறுபடி முழுவதும் பார்த்தேன். நாடகத்துக்குள் நான் இருந்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. இளவரசி என்னிடம் கடைசியாக என்ன சொல்கிறாள் என்பது கடைசி அங்கத்தில் இருந்தது. கடைசி அங்கத்தின் சுருள்களை நாடகத்தன்று காலையில்தான் தருவார்கள். நாடகம் ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை என்று நிச்சயமாகியிருந்தது. நான் நாட்களை எண்ணினேன். டோரின் போன பிறகு அப்படி எதற்காகவும் எண்ணவில்லை.

அந்தப் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வெள்ளவத்தைக்கு வர முந்திய சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை சரி. பொலிஸ் பதிவுத் துண்டு சரி. சட்டைப் பையில் சுருள் இருந்தது. ஈர்க்கில் கட்டிய நீளச் சுருளை அந்தப் பொலிஸ்காரர் முன்பு கண்டதில்லை. அவிழ்த்தார். அவிழ்ந்துகொண்டே போனது.

நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் சார்ஜன் பாயிஸ். நிதானமான மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சுருளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தார்.

"வந்துவிட்டாரான்னு கேக்கிறது யாரு?"

"தெரியாது சேர்."

"யாரு வரணும்?"

"அதுவும் தெரியாது. எனக்குத் தந்ததில அது இல்லை."

"கடல் வழியா யாரோ வாராங்க. நீங்க கதவத் தொறந்து வெக்கிறீங்க. யாருக்குத் தொறக்கிறீங்க தம்பி?"

"அதைத்தான் சேர் நானும் ரெண்டு மாசமாத் தேடுறன்."

பாயிஸ் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, இது நாடகம் என்றால் முழுப் பிரதி யாரிடம் என்று கேட்டார். ஏட்டுக் காப்பாளரிடம் இருக்கிறது, ஆனால் எவருக்கும் காட்ட மாட்டார்கள் என்று உண்மையைச் சொன்னேன். ஏன் என்றார். எலிசபெத் காலத்து வழக்கம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு மணியளவில் பொலிஸ்காரர்கள் அரங்குக்குப் போனார்கள். நடிகர்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி அங்கத்துச் சுருள்கள் மேசையில் அடுக்கியிருந்தன. பின்சுவரில் பலகை தொங்கியது. அதில் இருந்ததை பாயிஸ் அப்படியே பிரதி பண்ணினார். பிறகு அதை நான் பார்த்தேன். முதல் பெயர் என்னுடையது.

இன்றைய சதித்திட்டம். 2.00: யோகநாதன், வாளுடன். 2.20: ஹெக்டர், பெண் வேடத்தில், கடல் வழியாக. 2.45: காவலர் இருவர் கொல்லப்படுதல். 3.10: வெளியே வெடிச் சத்தம். 3.15: எல்லோரும் ஓடுதல்.

வெடிச் சத்தத்துக்காக ஒரு வெற்று எண்ணெய்த் தகரமும் ஒரு பொல்லும் வைத்திருந்தார்கள். சதித்திட்டத்துக்குச் சிங்களத்தில் குமந்திரணய. பாயிஸ் அந்தச் சொல்லை எழுதியதும் பொறுப்பதிகாரி எழுந்து தொப்பியைப் போட்டாராம்.

பங்காளிகள் நகைக்கடை அட்டையைக் காட்டினார்கள். முதலாளி தொலைபேசி எடுத்தார். நாலு மணிக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஹெக்டர் பாவாடையோடு போனார். வியாழக்கிழமை அரங்கில் வேறு நாடகம் நடந்தது. தினமும் வேறு நாடகம் என்பது அன்று வசதியாக இருந்திருக்கும்.

நான் இருபத்துமூன்று நாள் உள்ளே இருந்தேன். பாயிஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார். பிரதியை அவர்கள் கொண்டுவந்து காட்டினால் போதும். அல்லது இது எங்கள் நாடகம், இவர் எங்கள் ஆள் என்று தலைவர் ஒரு கடிதம் தந்தாலும் போதும். நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பத்தாம் நாள் கடிதம் வந்தது. மூன்று மொழிகளிலும், அரங்கின் முத்திரையோடு. பாயிஸ் அதை என்னிடம் வாசிக்கத் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

முதலாவது, மேற்குறித்த நாடகம் எமது அரங்கின் பட்டியலில் இல்லை, எக்காலத்திலும் இருந்ததில்லை. இரண்டாவது, மேற்குறித்த யோகநாதன் என்பவர் பங்காளி அல்லர். மூன்றாவது, பலகையில் காணப்படும் ஆட்சேபத்துக்குரிய சொல்லை எமது ஆலோசனைக்கு மாறாகத் தெரிவு செய்தவர் காலஞ்சென்ற திருமதி டோரின் யோகநாதன் ஆவார். அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்.

மூன்றாவது பந்தியை நான் திரும்ப வாசிக்கவில்லை. ஒரு தரமே போதும்.

பாயிஸ்தான் என்னை வெளியே எடுத்தார். பிரதி வராது என்று தெரிந்ததும் மேசையில் எடுத்த சுருள்களையும், நடிகர்களின் பைகளில் எடுத்தவற்றையும், என்னுடையதையும் நிலத்தில் விரித்தாராம். ஒரு சுருளில் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு சொல் எந்தச் சுருளின் வசன முடிவில் வருகிறது என்று தேடி, ஒவ்வொன்றாகப் பொருத்தி, பொறுப்பதிகாரிக்காகச் சிங்களத்தில் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு நாள் பிடித்தது. பொறுப்பதிகாரி ஒரே இருப்பில் வாசித்துவிட்டு, "அந்த மூன்றாம் காவல்காரன் ஏன் படகில் ஏறவில்லை?" என்று மட்டும் கேட்டாராம். சதி இல்லை, கதை என்று கோப்பில் எழுதி என்னை விட்டார்கள்.

நான் வெளியே வந்த கிழமை அரங்கின் விசேட பொதுக்கூட்டம். கூரை இல்லாத மண்டபத்தில் பங்காளிகள் குடைகளோடு இருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். கூலியாட்களுக்குக் கதிரை இல்லை. தலைவர் எழுதிவைத்து வாசித்தார்.

"அன்பர்களே, அக்காலத்தில் நடிகர்கள் பிடிக்கப்பட்டார்கள், சிறையிலும் அடைக்கப்பட்டார்கள். நாம் தொடங்கிய நாளிலிருந்து நமக்கு வாய்க்காதிருந்த ஒரே அம்சம் அதுதான். தம்பி யோகநாதனின் இருபத்துமூன்று நாட்கள் அந்தக் குறையை நீக்கிவிட்டன. இன்று நமது அரங்கு முழுமையாக எலிசபெத் காலத்தது. அவரைக் கைவிட்டோம் என்று சிலர் கதைப்பதாக அறிகிறேன். அது தவறு. கூலியாளைப் பிரபு காப்பாற்றியதாக எந்தப் பதிவும் இல்லை. நாம் காப்பாற்றியிருந்தால், அது வழக்கத்தை மீறிய செயலாக இருந்திருக்கும்."

கைதட்டினார்கள். குடை பிடித்தபடி தட்டியதால் சத்தம் குறைவு. பலகையின் தலைப்பை இனி நிரல் என்று மாற்றலாம் என்ற பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததற்காகத் தலைவருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது.

கூட்டம் முடிந்து தலைவரிடம் போனேன். அந்தச் சொல் டோரினுடையது அல்ல என்று அவருக்கு நினைவூட்டினேன்.

"தம்பி, உயிரோட இருக்கிற ஒராளின்ர பேரைப் போட்டிருந்தால், அவரைக் கொண்டுபோயிருப்பாங்கள். யோசிச்சுத்தான் செய்தனான்."

அவர் உண்மையாகவே அதை ஒரு தயவு என்று நம்பினார்.

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மெற்றில்டா அன்ரி என்னைக் கண்டதும் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பொலிஸ் வந்த அன்றே தலைவர் தொலைபேசியில் சொல்லிவிட்டாராம்.

"கொப்பி எங்க அன்ரி?"

"நான் கிழிக்கல்ல மகன். ஒரு தாளக்கூடக் கிழிக்கல்ல. முழுசாத்தான் அடுப்புல வெச்சேன்."

"வாசிச்சீங்களா?"

"நானா? சுருள் எழுதுற ஆளுக்கு எங்க நேரம்? ஹெக்டர்ட முழுசா எழுதி, அப்புறம் ஒங்கட முழுசா எழுதி. ஆளாளாத்தான் எழுதினேன். கதையா யாரு பாத்தா?"

தேநீர் தந்தார். கலக்கியிருந்தது.

ஹெக்டர் மிச்சம். இளவரசியின் கடைசி அங்கம் அவருடைய சுருளில் இருந்தது. நாடகத்தன்று காலையில் ஒருமுறையாவது வாசித்திருப்பார். துறைமுக வாசலில் வேலை முடியும் நேரம் நின்றேன். என்னைக் கண்டு மற்றப் பக்கம் பார்த்தார். பிறகு வந்தார். கடைசி வரி மட்டும் போதும் என்றேன்.

"மச்சான், அந்த நாடகத்துல நான் நடிக்கவே இல்லன்னு சைன் பண்ணிக் குடுத்திட்டன். நடிக்காத நாடகத்துல வசனம் எப்பிடி ஞாபகம் இருக்கும்?"

"இங்க ஒருத்தரும் இல்லை ஹெக்டர்."

"ஞாபகம் இல்ல மச்சான்." அவர் மீசையைத் தடவினார். "பொண்டாட்டி புள்ள இருக்கு."

எனக்கு அப்படிச் சொல்ல எவரும் இல்லை. அதனால் பொலிஸ் நிலையத்துக்கு நானாகவே நடந்து போனேன். வாசலில் நின்றவர் இரண்டு தரம் கேட்டார், யார் கூப்பிட்டது என்று. யாரும் கூப்பிடவில்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாயிஸ் எழுந்து வந்து உள்ளே கூட்டிப்போனார்.

சுருள்களைத் தர முடியுமா என்று கேட்டேன்.

"அது சாட்சிப் பொருள் தம்பி. சீல் வெச்சி அனுப்பியாச்சி. வழக்கு முடிஞ்சாத்தான் வரும்."

"வழக்கே இல்லையே சேர்."

"அதுதான் சிக்கல். இருந்தா ஒருநாளைக்கு முடியும். இல்லாத வழக்கு எப்ப முடியுற?"

அவருக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அலுமாரியைத் திறந்து, அவர் சிங்களத்தில் எழுதிய கோப்பை எடுத்தார். தரத்தான் முடியாது, பார்க்கலாம் என்றார். எனக்குச் சிங்களம் பேச வரும். வாசிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். அவர் கடைசிப் பக்கத்தை எடுத்து எனக்குச் சொன்னார். இளவரசிக்கு லீவு கிடைக்கிறது. படகு வருகிறது. எல்லோரும் ஏறுகிறார்கள். மூன்றாம் காவலன் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். திரும்பி வருவாள், தட்டாமல் வரட்டும் என்று. இளவரசி படகிலிருந்து திரும்பிப் பார்த்து ஒரு வரி சொல்கிறாள். அதோடு நாடகம் முடிகிறது.

பாயிஸ் அந்த வரியைச் சிங்களத்தில் வாசித்தார்.

"தொர வஹலா நிதாகன்ன."

கதவை மூடிவிட்டுத் தூங்குங்கள். அவ்வளவுதான். பிரிஜ்ஜுக்காகத் தினமும் ஏசியவள் எழுதக்கூடிய வரி.

"தமிழில என்ன இருந்தது சேர்? அவ எழுதின சொல்."

பாயிஸ் கண்ணாடியைக் கழற்றினார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், இந்தக் கதை தொடங்கியதிலிருந்து எனக்காக ஒருவர் யோசித்தது அதுதான் முதல் தடவை.

"கதவ... சாத்திட்டுப் படுங்கன்னா, பூட்டிட்டுப் படுங்கன்னா... ரெண்டுல ஒண்டு தம்பி. சிங்களத்தில எழுதின ஒடனே தமிழ் மறந்து போச்சி. மன்னிச்சிக்கோங்க."

கோப்பை மூடி அலுமாரியில் வைத்தார். என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

ஒழுங்கையால் நடந்தபோது அரங்கில் வெள்ளைக் கொடி ஏறியிருந்தது. உள்ளே ஒருவர் எக்காளம் ஒன்று, எக்காளம் இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. நாலாம் மாடிக்கு ஏறினேன். பல்கனிக் கதவு காலையிலிருந்து திறந்தே கிடந்தது. மேசையில் உப்புப் படிந்திருந்தது. கதவைச் சாத்தினேன். அவள் எழுதியது எந்தச் சொல் என்று தெரியாததால், பூட்டியும் விட்டேன். பிறகு படுத்தேன்.